அலுமினியக் கழுத்துடைய கிதார்

வீணையில் குடம், தண்டி, மெட்டு, பிரடை, குதிரை எனப் பல உறுப்புகள் உண்டு. கிதாரிலும் இவற்றுக்கு ஒப்பான உறுப்புகள் அமைந்துள்ளன. விரல்கள் ஏறி இறங்கும் நீண்ட பகுதி வீணையின் தண்டியை ஒத்தது. கிதார் செய்வோர் அதனைக் ‘கழுத்து’ என்பர்.

மின்கிதாரின் ஆறு எஃகுத் தந்திகளையும் சுருதி சேர்த்தால், அவை ஒன்றாகச் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் கழுத்தை இழுக்கும். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் இரவும் பகலும் விடாமல் இழுத்துக்கொண்டிருப்பதற்கு இஃது ஒப்பாகும். மரக்கழுத்து நாளடைவில் இவ்விழுப்புக்கு வளைந்து கொடுக்கும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கோடையில் வற்றிச் சுருங்கும். கழுத்து வளைந்தால் தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறும், சுரம் பிசகும். இதனைத் தடுக்கவே பெரும்பாலான மரக்கழுத்துகளினுள் எஃகுக் கம்பி ஒன்றைப் பொருத்துகின்றனர்.

கழுத்தையே உலோகத்தால் செய்தால் என்ன என்று சிலர் எண்ணினர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிராவிஸ் பீன் என்பவர் 1974இல் அலுமினியக் கழுத்துடைய கிதார்களைச் செய்யத் தொடங்கினார். அவருடைய கிதாரில் கழுத்து உடற்பகுதிக்குள்ளும் நீண்டு சென்று குதிரையைத் தாங்கியது. தந்தியின் இரு முனைகளும் ஒரே உலோகத் துண்டின்மேல் நின்றதால் ஒலி நெடுநேரம் நீடித்தது. புகழ்பெற்ற இசைக்கலைஞர் ஜெர்ரி கார்சியாவும் இவ்வகைக் கிதாரை வாசித்தார். ஆயினும் அத்தொழில் 1979இல் நின்றுபோயிற்று.

இத்தகைய கிதாரை வீட்டிலேயே செய்ய விழைவோர் இன்றும் உளர். அவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது எடைச் சிக்கல். 80 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிப்பு உள்ள அலுமினியக் கட்டையின் எடை 2.7 கிலோ. அதே அளவுள்ள மேப்பிள் மரக்கட்டை ஏறக்குறைய 700 கிராம்தான் இருக்கும். கனமான கழுத்துடைய கிதாரைத் தோளில் மாட்டினால் தலைப்பகுதி தரையை நோக்கிச் சாயும். வாசிப்பவர் இடக்கையால் அதனைத் தாங்குவாரா, சுரத்தைப் பிடிப்பாரா? ஆகவே, 3 மி.மீ. தடிப்புள்ள சுவர்களைக் கொண்ட உள்ளீடற்ற செவ்வகக் குழாயைத் தேர்ந்தெடுப்பது நன்று. அதன் எடை 900 கிராம் அளவே. ‘ப’ வடிவச் சட்டத்தைக் கவிழ்த்துப் பயன்படுத்துவோரும் உண்டு. சன்னல் செய்யும் கடைகளில் கிடைக்கும் மெல்லிய தகட்டுச் சட்டங்கள் இதற்குப் போதா, அவை முறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது மெட்டுகளின் இடத்தைக் குறித்தல். முழு வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. அதிரும் தந்தியின் நீளம் 648 மி.மீ. எனக் கொள்வோம். அதனை 17.817ஆல் வகுத்தால் 36.4 மி.மீ. கிடைக்கும், முதல் மெட்டு அங்கே அமையும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டின் இடைவெளி கிடைக்கும். இவ்வாறே தொடர்ந்தால் 12ஆம் மெட்டு, தந்தியின் சரிபாதியான 324 மி.மீ. தொலைவில் வந்து நிற்கும். முற்காலத்தில் 18ஆல் வகுத்தனர். அறிவியலறிஞர் கலீலியோவின் தந்தையாகிய வின்சென்சோ கலீலி என்னும் இசையறிஞர் இம்முறையை எடுத்துரைத்தவர். எளிய கணக்குத்தான், ஆனால் 12ஆம் மெட்டு 2 மி.மீ.க்கு மேல் தள்ளிப்போய்விடும். அவ்வளவு பிழையைக் காது பொறுக்காது.

குறிக்கும்போது ஒவ்வொரு மெட்டையும் அதற்கு முந்தைய மெட்டிலிருந்து அளத்தல் கூடாது; சிறுசிறு பிழைகள் சேர்ந்து பெரும்பிழையாகும். எல்லா அளவுகளையும் தந்தி தொடங்கும் முனையிலிருந்தே எடுத்தல் வேண்டும். மெட்டு அமரும் பள்ளத்தை மெல்லிய அரத்தாளால் அறுப்பர். மரம் மெட்டை இறுகக் கவ்விக்கொள்ளும். அலுமினியம் அவ்வாறு நெகிழ்ந்து கொடுக்காது. எனவே பள்ளத்தில் எப்பாக்சிப் பசையிட்டு மெட்டைப் பதித்து, பசை இறுகும்வரை அழுத்தி வைத்தல் வேண்டும். குழாயின்மேல் மெல்லிய மரப்பலகையை ஒட்டி அதில் மெட்டுகளைப் பதிப்பது இதனினும் எளிது. அறுக்கும்போது தெறிக்கும் உலோகத் துகள் கண்ணுக்குக் கேடு; பாதுகாப்புக் கண்ணாடி இன்றி இவ்வேலையில் இறங்குதல் தகாது.

ஈரத்திற்கு அஞ்சாத அலுமினியம் வெப்பத்திற்கு அஞ்சும். வெப்பம் 10 பாகை உயர்ந்தால் 650 மி.மீ. நீளமுள்ள அலுமினியம் 0.15 மி.மீ. நீளும், எஃகுத் தந்தியோ ஏறத்தாழ அதில் பாதியளவே நீளும். ஆதலால் தந்தி இழுபட்டுச் சுருதி உயரும். வாசிப்பவரின் கைச்சூடே இதற்குப் போதும்! வடநாட்டுக் குளிர்காலத்தில் காலையில் இரும்புக் குழாயைத் தொட்டவர்களுக்கு உலோகம் எவ்வாறு சில்லிடும் என்பது தெரியும். பீனுடன் முன்பு கூட்டாளியாக இருந்த கேரி கிராமர் 1976இல் தொடங்கிய நிறுவனம், அலுமினியக் கழுத்தின் பின்புறத்தில் மரத்துண்டுகளைப் பதித்தது. கையில் படுவது மரம், இழுப்பைத் தாங்குவது உலோகம். எடையும் சற்றுக் குறைந்தது. வீட்டில் கிதார் செய்வோருக்கும் இம்முறை ஏற்றதே.

கழுத்து ஆயத்தமானபின், உடற்பகுதிக்குப் பலா, தேக்கு முதலிய உலர்ந்த பலகை எதுவும் ஆகும். கழுத்தைத் திருகாணிகளால் அதனோடு பிணைத்து, குதிரையையும் ஒலிவாங்கியையும் பொருத்துவர். பின்னர்த் தந்திகளை ஒரேயடியாக முறுக்காமல், ஆறு பிரடைகளையும் சிறிது சிறிதாகத் திருகிச் சுருதி கூட்டுவர். 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டும்போது, திறந்த தந்தியின் சுரமே ஒரு தாயி மேலே ஒலித்தால் அளவு சரி. ஒலிக்கவில்லையெனில் குதிரையைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தி மீண்டும் மீட்டிப் பார்ப்பர்.