நெட்டையருக்கு ஒரு கால்மிதி

ஆறடி தாண்டியவர் கப்சாயில் ஏறினால் முழங்கால் ஹேண்டில்பாரை எட்டிப் பார்க்கும். கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரை போய்விட்டு இறங்கினால் இடுப்பை நிமிர்த்தவே சிறிது நேரம் பிடிக்கும். 1958இல் வந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்த இந்த வண்டிகளில் கால்மிதி என்பது இஞ்சினுக்கு அடியில் முடுக்கிய ஒரு குறுக்குக் கம்பி. அதை முன்னே தள்ள வழியில்லை. எனவே நெட்டையர்களின் கண் குரூசர் வகை மோட்டார்கள் பக்கம் போகிறது. ஒரு காலத்தில் நம் நாட்டு மோடெனாஸ் ஜாகுவே அப்படி ஒரு வண்டியாக இருந்தது. இப்போது தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350இல் கால்மிதிகள் பிறப்பிலேயே சற்று முன்தள்ளி இருக்கின்றன. கவாசாகி வல்கன் எஸ் இன்னும் ஒரு படி மேல். கால்மிதியை நடுநிலையிலிருந்து முன்னுக்கோ பின்னுக்கோ 25 மில்லிமீட்டர் நகர்த்திப் பூட்டலாம். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். மடங்கிய முழங்காலுக்கு அது பெரிய விடுதலை.

சாதாரண மோட்டாரில் இதைச் செய்ய ‘ஃபார்வர்ட் கன்ட்ரோல்’ பூட்டுகிறார்கள். கால்மிதியோடு கியர் பெடலும் பின்சக்கர பிரேக் பெடலும் சேர்ந்தே முன்னுக்கு நகர வேண்டும். சிக்கலே அங்குதான். கியர் தண்டு இஞ்சினில் இருந்த இடத்திலேயே இருக்கும். பெடலோ ஒரு முழம் தள்ளிப் போய்விடும். இரண்டையும் ஒரு நீளக் கம்பி இணைக்கிறது. மெலிந்த கம்பியை இழுத்தால் தாங்கும், தள்ளினால் வளையும். நீளம் இரண்டு மடங்கானால் அது வளையாமல் தாங்கும் தள்ளுவிசை நான்கில் ஒன்றாகக் குறையும். ஆய்லர் என்ற கணித மேதை 18ஆம் நூற்றாண்டிலேயே போட்டுவைத்த கணக்கு இது. பழைய கம்பியோடு இன்னொரு துண்டை ஒட்டவைத்துத் தரும் பட்டறையை நம்பாதீர்கள். தடித்த கம்பியோ குழாயோதான் சரி. கம்பியும் கியர் தண்டில் மாட்டும் நெம்புகோலும் ஏறத்தாழ செங்கோணத்தில் சந்திக்க வேண்டும். நெம்புகோலைத் தலைகீழாக மாட்டினால் கியர் வரிசையே புரண்டு, முதல் கியருக்கு மிதிப்பதற்குப் பதில் தூக்க வேண்டிவரும்!

பிரேக்கில் விளையாட்டு வேண்டாம். பெடலின் சுழல்முனையிலிருந்து பாதம் படும் இடம் வரையுள்ள தூரத்தையும், அதே முனையிலிருந்து தள்ளுகம்பி வரையுள்ள தூரத்தையும் ஒப்பிட்டால் வரும் விகிதமே கால் தரும் பலத்தைப் பெருக்குகிறது. இடத்துக்குப் பொருந்தவில்லை என்று பெடலைக் குட்டையாக்கினால், அதே வேகத்தில் நிற்க இன்னும் பலமாக மிதிக்க வேண்டும். பிரேக் விளக்கின் சுவிட்சையும் புதிய இடத்துக்கு மாற்றியாக வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் நிற்பது தெரியாது. கால்மிதி மேல்நோக்கி மடங்குவதாகவும் இருக்கட்டும். மடங்காத இரும்பு, வளைவில் சாயும்போது தரையில் ஊன்றிச் சக்கரத்தையே தூக்கிவிடும். சட்டகத்தை வெட்டி வெல்டிங் வைப்பதென்றால் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் கேளுங்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் சடக்கு ஒத்துவர வேண்டும். லத்தார் நெடுஞ்சாலையில் கால் நீட்டிப் போவது சுகம்தான், வேகம் கூடினால் காற்று நெஞ்சில் மோதிக் கைகளை இழுக்கும் என்பதைத் தவிர. தோட்டத்துக்குள் கதை வேறு. பெஸ்தாரி ஜெயா பக்கம் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. இந்த வட்டாரத்துச் செம்மண் சடக்குகள் இன்றும் குலை ஏற்றும் லாரிகளுக்காகவே கிடக்கின்றன. மழை விட்டதும் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாது. கப்சாய்க்காரர் குழி வந்ததும் கால்மிதியில் ஊன்றி இருக்கையிலிருந்து லேசாக எழுவார். அதிர்ச்சியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். பாதம் முன்னால் இருந்தால் அப்படி எழ முடியாது. உடம்பின் எடை பாதத்துக்கு நேர் மேலே வராதே! குழியின் முழு அடியும் முதுகுத்தண்டின் அடிமுனைக்குத்தான் போகும்.

ஆகையால் தோட்டத்தில் குடியிருந்துகொண்டு தினமும் செம்மண்ணில் போய்வருகிற நெட்டையருக்கு நான் ஃபார்வர்ட் கன்ட்ரோலைப் பரிந்துரைக்க மாட்டேன். இருக்கையின் பஞ்சை இரண்டு விரற்கடை உயர்த்தித் தைத்தாலே முழங்கால் கணிசமாக விரியும். நெட்டைக் கால் அப்போதும் தரையைத் தொடும். பெடல், கம்பி, பிரேக் எதையும் தொட வேண்டியதில்லை. செலவும் இருக்கை தைப்பவரின் கூலியோடு முடிந்துவிடும்.