அக்கரைக்குப் போன ஆசிரியர்கள்

பிறநாட்டு வகுப்பறையில் முதல் நாள் நிற்கும் ஆசிரியருக்குப் பாடம் தெரியும், பிள்ளைகளைத் தெரியாது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, போரதீவுப்பற்றின் வெல்லாவெளியில் பின்னம் படிப்பிக்கும் ஆசிரியர் நெல்லை எடுத்துக்கொள்வார். விளைந்ததில் வயல் சொந்தக்காரரான போடியாருக்கு எவ்வளவு, வயலில் வேலை செய்யும் முல்லைக்காரனுக்கு எவ்வளவு, வெட்டுக்கூலி போக மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கிச் சொல்லிவிடும். நெல்வயலையே காணாத பிள்ளைகளின் முன்னால் அந்த உதாரணம் உதவாது. பழமொழி உதவாது, பகிடி உதவாது. “மறுகா (பிறகு) என்ன?” என்று கேட்டவுடன் வகுப்பே சேர்ந்து பதில் சொல்லும் பழக்கமும் அங்கே கிடையாது. கையில் எஞ்சுவது பாடம் ஒன்றுதான். அதைத் தானே அடியிலிருந்து மறுபடி விளங்கிக்கொண்டால்தான் இன்னொருவருக்கு விளங்கப்படுத்த முடியும். வெளிநாட்டில் கற்பிக்கும் ஆசிரியர் தொழிலில் வளர்கிறார் என்று சொல்வதன் அடிப்படை இதுவே.

படுவான்கரைக்கு இந்த அனுபவம் சிறிய அளவில் பழக்கமானது. வாவியின் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே அது படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் வீடுள்ள ஆசிரியர்கள் பலர் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தோ, குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூரில் இறங்கியோ நாள்தோறும் அக்கரைப் பாடசாலைகளுக்குப் போய் வருகிறார்கள். பாதை என்பது இவ்விடத்தில் வீதியைக் குறிப்பதில்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் தட்டையான படகுக்கு இந்தப் பகுதியில் வழங்கும் பெயர் அது. திருத்திய கொப்பிக் கட்டைத் தண்ணீர் தெறிக்காமல் மடியில் அணைத்தபடி அதில் நிற்கும் புதிய ஆசிரியைக்கு அக்கரையில் படிக்க நிறைய இருக்கிறது. முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளை சோம்பேறி என்று தோன்றும். காட்டு யானை வயலுக்குள் இறங்காமல் இரவு முழுக்கக் காவல் இருந்த வீட்டுப் பிள்ளை அது என்று தெரிந்த நாளில் அவர் குரல் மாறிவிடும். வாவியைக் கடப்பவருக்கே இவ்வளவு இருந்தால், கடலைக் கடப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மட்டக்களப்பு மண்ணிலிருந்து கடல் கடந்து கற்பித்து, அதனால் வளர்ந்து, வளர்ந்ததைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் சுவாமி விபுலாநந்தர். 1892 மார்ச் 27ஆம் திகதி காரைதீவில் பிறந்தவர், இயற்பெயர் மயில்வாகனன். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் அவருடைய கணித ஆர்வத்தை வளர்த்தவர் இயேசு சபையைச் சேர்ந்த பொனெல் அடிகளார், தானே கடல் கடந்து இங்கு கற்பிக்க வந்த ஐரோப்பியர். பிற்காலத்தில் பிறநாடு சென்று கற்பித்த ஆசிரியர் ஒருவர், பிறநாட்டிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவரின் மாணவர் என்பது கவனிக்கத் தக்கது.

மயில்வாகனனின் தொடக்கம் விஞ்ஞானம். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறினார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் என்று முப்பது வயதுக்குள் ஓர் ஆசிரியர் எட்டக்கூடிய படிகளை எல்லாம் எட்டிவிட்டார். அந்த நிலையில்தான் 1922இல் சென்னை சென்று மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பெற்று விபுலாநந்தர் ஆனார். மடத்தின் தமிழ், ஆங்கில இதழ்களின் ஆசிரியராகவும் இருந்தார். பிறகு ஊர் திரும்பி இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தினார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

1931இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. பல்கலைக்கழகம் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பேசுவது ஒரே தமிழ்தான். ஆனாலும் அது வேறு நாடு. தமிழ்நாட்டில் தமிழைக் கற்பிக்க இலங்கையின் கிழக்குக் கரையிலிருந்து ஒரு விஞ்ஞானப் பட்டதாரி போகிறார் என்றால், ஒவ்வொரு விரிவுரையும் அவருக்குச் சோதனையாகவே இருந்திருக்கும். அதை அவர் சந்தித்த விதத்தில்தான் அவருடைய வளர்ச்சி இருக்கிறது. தமிழ்ப் பேராசிரியர் ஆனபின் விஞ்ஞானத்தை மூட்டை கட்டி வைக்காமல் அதைத் தமிழுக்குள் கொண்டுவந்தார்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழும் இசையும் பற்றி வரும் அடிகள் படிப்பவரைத் திணற வைப்பவை. யாழ் என்ற கருவியே வழக்கொழிந்து போனதால் உரையாசிரியர்களின் குறிப்பைக் கொண்டு மட்டும் அதைக் காதால் கேட்க முடியாது. விபுலாநந்தர் அதைக் கணக்காகப் பார்த்தார். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் மேல் ஸ்தாயிக்கு ஏறும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலிலிருந்து இளி பிறக்கும், அதாவது ‘ச’விலிருந்து ‘ப’. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்த ஒருவருக்கு இந்த விகிதங்கள் கைவந்தவை. இவற்றைப் பிடித்துக்கொண்டு பழந்தமிழ்ப் பாலைகளையும் பண்களையும் ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். வில்யாழ், பேரியாழ், சீறியாழ், மகரயாழ், செங்கோட்டியாழ், சகோடயாழ் ஆகியவற்றின் உருவமும் அமைப்பும் இந்த ஆராய்ச்சியில் துலங்கின. பல ஆண்டு உழைப்பின் பயனான ‘யாழ்நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. விஞ்ஞான ஆசிரியராகவே ஊரில் இருந்திருந்தாலோ, தமிழ் மட்டுமே கற்ற புலவராக இருந்திருந்தாலோ இந்த நூல் வந்திருக்காது. இரண்டு துறைகளும், இரண்டு நாடுகளும் ஒரே மனிதரிடம் சந்தித்ததால் வந்தது.

சிதம்பரத்தில் அவர் பல்கலைக்கழக மாணவரோடு நின்றுவிடவில்லை. அருகிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் போய் அங்கிருந்தவர்களுக்கு எழுத்தறிவித்தார். சாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1930களில், பேராசிரியர் ஒருவர், அதிலும் துறவி, அந்தத் தெருவுக்குள் நடந்து போவது சாதாரணச் செய்தி ஆகாது. வெளியூரிலிருந்து வந்தவருக்கு உள்ளூர்ச் சாதிக் கணக்குகளில் பங்கு இல்லை. அந்தச் சுதந்திரத்தை அவர் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினார். வெளிநாட்டு ஆசிரியர் எவருக்கும் இந்த வாய்ப்பு உண்டு. பயன்படுத்துவோர் குறைவு.

1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கச் சொற்கள் வேண்டும் என்ற தேவையை வகுப்பறையில் நின்று உணர்ந்தவர் அவர். பின்னர் இமயமலையின் மாயாவதி ஆச்சிரமத்தில் ‘பிரபுத்த பாரத’ ஆங்கில இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார். யாழ்நூல் அரங்கேறிய மறுமாதம், 1947 ஜூலை 19ஆம் திகதி, மறைந்தார்.

வடக்கிலிருந்து இன்னோர் உதாரணம் தனிநாயகம் அடிகளார். 1913இல் ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்து, ரோமாபுரியில் குருத்துவக் கல்வி முடித்து, 1940இல் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கச் சென்றார். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த அவருக்குத் தமிழ் இலக்கியத்தில் அப்போது ஆழ்ந்த பயிற்சி இல்லை. தான் கற்பிக்கும் பள்ளியிலேயே தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவராக உட்கார்ந்தார். மற்றவர்களுக்கு ஆசிரியராக இருந்துகொண்டே தன் குறையை ஒப்புக்கொண்டு பாடம் கேட்பதற்கு மனத்துணிவு வேண்டும். சொந்த ஊரில் அது கடினம். பிறநாட்டில் கொஞ்சம் எளிது. அந்தப் பாடம் அவரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைத் தலைவரானார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டினார். அதற்கெல்லாம் அடித்தளம் வடக்கன்குளத்தில் போடப்பட்டது.

எதிர்த்திசையில் வந்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து இயேசு சபைத் துறவிகள் மட்டக்களப்புக்குக் கற்பிக்க வந்தார்கள். வெபர் அடிகளார் இளைஞர்களை விளையாட்டு மைதானத்துக்கு அழைத்து வந்தார். நகரின் வெபர் மைதானம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1948இல் வந்த பென் மில்லர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்குத் துணை நின்றார். ஆசிரியராக வந்தவர் ஊருக்குச் சாட்சியாக மாறினார். 2019இல் மட்டக்களப்பிலேயே கண்மூடினார்.

இன்று கிழக்கிலங்கை ஆசிரியருக்கு மிகக் கிட்டிய வெளிநாட்டு வகுப்பறைகளில் ஒன்று மாலைதீவு. அங்கே பாடசாலைக் கல்வி பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் செல்வது பல தசாப்தங்களாக நடப்பது. சின்னஞ்சிறு தீவில் ஒரே ஒரு பாடசாலை. காலையில் வகுப்பில் கண்ட பிள்ளையை மாலையில் கடற்கரையிலும் கடையிலும் காண வேண்டியிருக்கும். ஆசிரியரின் நடை, உடை, பேச்சு எல்லாம் ஊரின் பார்வையில் இருக்கும். உள்ளூர் மொழி திவேகி; அது வலமிருந்து இடமாக எழுதப்படும் தானா எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்து வரிசையில் முதல் ஒன்பதும் அரபு எண்களின் வடிவிலிருந்து பிறந்தவை. கணித ஆசிரியர் ஒருவர் அதைக் கவனித்துவிட்டால் மொழியே பாதி வசப்பட்டுவிடும். திவேகி சிங்களத்தின் நெருங்கிய உறவு. சிங்களத்தில் நான்கு ‘ஹதர’ என்றால் திவேகியில் ‘ஹதரே’. சொந்த நாட்டில் சிங்களம் கற்க மனம் வராத மட்டக்களப்பு ஆசிரியருக்கு, அயல்நாட்டுப் பிள்ளையின் வாயில் அதன் சாயலைக் கேட்கும்போது தன் நாட்டின் மறுபாதியும் காதில் விழத் தொடங்குகிறது.

தொழில்முறையிலும் லாபம் உண்டு. அங்கே உயர் வகுப்புகள் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குத் தயாராகின்றன. மனனம் செய்து ஒப்புவிப்பதற்கு அதில் புள்ளி குறைவு. காரணம் சொல்லி விளக்குவதற்குப் புள்ளி கூட. கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிரதி பண்ணச் சொல்லும் ஆசிரியர் அங்கே ஒரு தவணை தாக்குப்பிடிப்பதே பாடு. வினாவைத் தொடுத்துப் பிள்ளையின் வாயிலிருந்து விடையை வரவழைக்கும் கலை பழகியே ஆக வேண்டும்.

வெளிநாடு போனவர் எல்லாரும் வளர்ந்துவிடுவதில்லை. சம்பளத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, சக இலங்கையரோடு மட்டும் பழகி, ஒப்பந்தம் முடியும் நாளைக் கலண்டரில் குறித்துக்கொண்டு வாழ்ந்தவர் போன மாதிரியே திரும்பி வருவார். தனிமை சிலரை உடைத்தும் விடுகிறது. வீட்டில் தாய்க்குச் சுகமில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்ற செய்திகள் தொலைபேசியில் மட்டும் வரும்போது வகுப்பில் மனம் நிற்காது. இவற்றைத் தாங்கிக்கொண்டவர்களிடம் பொறுமையும், வேற்று மனிதரைப் புரிந்துகொள்ளும் குணமும் ஊறிவிடுகின்றன.

பாதிப்பு ஊருக்கும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர்கள் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று வேலை செய்ய அரசாங்கம் சுற்றறிக்கை மூலம் வழிவிட்டது. சேவைமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாது என்ற உறுதியும் அதில் இருந்தது. குடும்பங்களுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனால் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஏற்கெனவே ஆசிரியர் போதாத படுவான்கரைப் பாடசாலையிலிருந்து ஒருவர் போனால், அந்தக் கதிரை வெறுமையாகவே கிடக்கும். அவர் வெளியே பெறும் வளர்ச்சிக்கு வெல்லாவெளிப் பிள்ளைகளும் விலை கொடுக்கிறார்கள்.

ஆகவே திரும்பி வருபவரை ஊர் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பது முக்கியம். இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்: கடமையேற்றுக் கையெழுத்திட்டு, பழைய நேரசூசியில் பழைய வகுப்புக்குள் நுழைந்துவிடுகிறார். அக்கரையில் என்ன கற்றீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. விபுலாநந்தருக்குக் கிடைத்த மேடை எல்லாருக்கும் கிடைக்காது; அவ்வளவு பெரிய மேடை தேவையும் இல்லை. பட்டிருப்புக் கல்வி வலயத்தின் ஆசிரியர் மத்திய நிலையங்களில் தவணைக்கு ஒரு பிற்பகலை இவர்களுக்கென்று ஒதுக்கலாம். அதிபர்கள் இவர்களிடம் இரண்டு இளம் ஆசிரியர்களை ஒப்படைக்கலாம். வெளிநாட்டில் இன்னும் பணியில் இருப்போர் விடுமுறைக்கு ஊர் வரும்போது, மண்டூரிலோ வெல்லாவெளியிலோ ஒரு வகுப்பில் ஒரு நாள் நின்று பாடம் நடத்தலாம். இதற்குச் செலவு இல்லை. அழைப்பு ஒன்று போதும். அதை அதிபர்கள் இந்தத் தவணையிலேயே அனுப்ப வேண்டும்.