சோக்கா சொன்னபா!

விடியற்காலையில் வடசென்னையின் காசிமேட்டில் மீன் ஏலம் சூடாக இருக்கும்போதும் பேச்சு குஜாலாகவே ஓடும். "இன்னா யக்கா, மீனு மொறைக்குது?" என்று ஒருவர் கேட்டால், "நீ சொன்ன வெலையக் கேட்டுதான் நைனா!" என்று கூடைக்குப் பின்னாலிருந்து பதில் வரும். சிரிப்பு அடங்குவதற்குள் விலையும் படிந்துவிடும்.

குஜால், சோக்கு, தமாஷ், தோஸ்து எல்லாம் உருது வழியாக வந்தவை. நைனா தெலுங்கு. துறைமுகமும், 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையமும் பல மொழிக்காரர்களை இங்கே ஒன்றாக வேலை செய்ய வைத்தன. முன்பின் தெரியாதவரோடு மூட்டை தூக்க, முதலில் முகம் மலரப் பேசியாக வேண்டும். அதற்கான சொல் எந்த மொழியில் கிடைத்தாலும் வடசென்னை எடுத்துக்கொண்டது.

இந்தப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். ஒரே ஒரு 'பா' போதும், அதட்டல்கூட அன்பாகிவிடும். "தள்ளு" என்றால் சண்டை. "தள்ளிக்கபா" என்றால் வழி கிடைக்கும்.

கலாய்ப்பதற்கும் வரம்பு உண்டு. கலாய்ப்பவர் பதிலுக்குக் கலாய்க்கப்படத் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது நக்கலாகிவிடும். இந்தப் பேச்சு வடசென்னையோடு நின்றுவிடவில்லை. 1958இல் வந்த 'சபாஷ் மீனா' படத்தில் ரிக்‌ஷாக்காரராக நடித்த நகைச்சுவை நடிகர் சந்திரபாபு, அதைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தார்.