போட் மெயில் போன கடல் துறை
ரெயிலும் கப்பலும் சந்தித்த தனுஷ்கோடி

திருச்சி ஜங்ஷன் வழியாக ராமேசுவரம் போகும் ரெயில் ஒன்றை இன்றும் மக்கள் "போட் மெயில்" என்கிறார்கள். போட் என்றால் கப்பல். ரெயிலுக்கு ஏன் கப்பல் பெயர்?

1914-ம் ஆண்டு வரை, இலங்கைக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். ராத்திரி முழுவதும் கடல் பயணம். அந்த ஆண்டு பாம்பன் ரெயில் பாலம் திறக்கப்பட்டது. தண்டவாளம் தனுஷ்கோடி கடற்கரை வரை போயிற்று.

ரெயில், கப்பல் துறையிலேயே போய் நிற்கும். பயணிகள் இறங்கிக் கப்பலில் ஏறுவார்கள். சுமார் 20 மைல் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரெயில் காத்திருக்கும். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் கொழும்பு போய்விடலாம்! பிற்காலத்தில் "இர்வின்", "கோஷன்" என்ற கப்பல்கள் ஓடின.

திருச்சியின் தொடர்பு

இந்த ரெயிலை நடத்திய தென்னிந்திய ரெயில்வேயின் தலைமை அலுவலகம் திருச்சியில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க 1904-ல் தோன்றிய அமைப்பின் தலைமையகமும் திருச்சிதான்.

வியாபாரிகள் போனார்கள், யாத்திரிகர்கள் வந்தார்கள். மூட்டை முடிச்சுடன் ஏழைக் குடும்பங்களும் போயின. மண்டபம் முகாமில் உடல் பரிசோதனை. பிறகு கப்பல். தேயிலை மலையிலேயே பலருடைய வாழ்க்கை முடிந்தது.

போன வழி இல்லை!

1964 அக்டோபர் 30-ந் தேதி இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அப்படிப் போனவர்களின் வழிவந்தோரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியா திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22-ந் தேதி நள்ளிரவில் பெரும் புயல்! தனுஷ்கோடியை நெருங்கிய பயணிகள் ரெயிலைக் கடல் விழுங்கியது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஊர் அழிந்தது, துறையும் அழிந்தது.

பாம்பன் பாலத்தைப் பழுதுபார்த்தார்கள். தனுஷ்கோடித் துறையை மீண்டும் கட்டவில்லை. பாட்டன் கப்பல் ஏறிய துறையில் பேரன் வந்து இறங்க முடியவில்லை. திரும்பியவர்களின் கப்பல் ராமேசுவரத்துக்கு வந்தது. இலங்கையில் போர் மூண்டதும், 1980-களில் அந்தக் கப்பலும் நின்றது.

இன்று தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை இருக்கிறது. இடிந்த சுவர்களைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. 2025-ல் பாம்பனில் புதிய ரெயில் பாலமும் திறந்துவிட்டார்கள்.

ரெயில் ராமேசுவரத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே கப்பல் காத்திருப்பதில்லை. ஆனாலும் அதன் பெயர் போட் மெயில்தான்!