பிராங்கென்ஸ்டைன் ஏன் இவ்வளவு மெதுவா போகுது?

சுஜாதாவோட 'கொலையுதிர் காலம்' உங்களில் சிலர் படிச்சிருப்பீங்க. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் பேசப் பேச பக்கம் தானா ஓடும். அதே மாதிரி பயமும் அறிவியலும் கலந்த பழைய கதை வேணும்னு மேரி ஷெல்லி எழுதிய 'பிராங்கென்ஸ்டைன்' நாவலை எடுத்தேன். 1818-ல் வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18தான். நம்ம பிளஸ் டூ அக்காக்கள் வயசு!

ஆனா கதை நகரவே மாட்டேங்குது. முதலில் வடதுருவத்துக்குப் போகும் ஒருவர் தன் சகோதரிக்கு எழுதும் நாலு கடிதம். அப்புறம் விக்டர் பிராங்கென்ஸ்டைனின் குடும்பம், படிப்பு. பிணங்களின் பாகங்களைச் சேர்த்து அவன் செய்த உருவம் கண் திறப்பது ஐந்தாம் அத்தியாயத்தில்தான். அதுவும் சில வரிதான்! மின்னல், மெஷின் எல்லாம் 1931 சினிமாவில் காட்டியது. புத்தகத்தில் ஒரு நவம்பர் ராத்திரி, மழை, அணையப் போகும் மெழுகுவத்தி, அவ்வளவே.

நடுவில் ஆல்ப்ஸ் மலை வர்ணனை வேறு. அன்றைக்கு போட்டோ கிடையாது, மலையைப் பார்க்காதவங்களுக்கு எழுத்துதான் கண். நியாயம்தான். ஆனா வெள்ளிமலை பஸ்ஸில் மூடுபனிக்குள்ளேயே ஏறிப் போற நமக்கு அத்தனை பக்கம் எதுக்கு? எனக்கு இப்பவும் அது போர்தான்.

ஆனால் ஒரு இடத்தில் அந்த மெதுவுதான் கதையின் உயிர். விக்டர் பயந்து கைவிட்ட அந்த உருவம் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் பல மாதம் ஒளிந்திருக்கிறது. சுவர் இடுக்கு வழியாப் பார்த்தே பேச்சு கற்கிறது. அந்தக் குடும்பம் கஷ்டப்படுவதைப் பார்த்து ராத்திரியில் விறகு வெட்டி வாசலில் போடுகிறது, பாதையில் பனியைத் தள்ளி வைக்கிறது. ஒருநாள் பார்வையில்லாத தாத்தா தனியா இருக்கும்போது தைரியமா உள்ளே போகிறது. அவர் அன்பாகத்தான் பேசுகிறார். வெளியே போன மகன் திரும்பி வந்து, உருவத்தைப் பார்த்ததும் கம்பால் அடிக்கிறான்.

அந்த அடி நம்ம மேலே விழுந்த மாதிரி இருக்கு. ஒவ்வொரு விறகையும் நாம் கூடவே இருந்து பார்த்தோமே! அப்புறம் அது கொலை செய்யும்போது வரும் பயம் பேய்க்கதை பயம் இல்லை. நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படி ஆயிட்டாரே என்ற பயம். பாவம், அதற்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. பிராங்கென்ஸ்டைன் என்பது அதைச் செய்தவன் பெயர்.

முழுசாப் படிக்கப் பொறுமை இல்லாதவங்க, 1831-ல் மேரியே திருத்திய பதிப்பில் 11 முதல் 16 வரையுள்ள அத்தியாயங்களை மட்டும் படிங்க. அந்த ஆறிலும் பேசுவது அந்த உருவமேதான்.