உள்ளங்கையில் ஓர் ஊர்தி

பெரியதைச் சிறியதாகச் செய்து பார்ப்பதில் மனிதனுக்கு என்றும் தீராத ஆசை. நுங்கு தின்றபின் எஞ்சிய பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடுகிறான் நாஞ்சில் நாட்டுச் சிறுவன். அவனுக்கு அது வண்டி. தேரோட்டம் முடிந்த மறுநாள் தெருவெங்கும் சின்னஞ்சிறு தேர்கள் ஓடுகின்றன. இவை விளையாட்டு. அதே ஆசை அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால் கலையாகிறது. கணக்கையும் துணைக்கு அழைத்துக்கொண்டால் விஞ்ஞானத்தின் வாயிலில் வந்து நிற்கிறது.

அளவு மாதிரி எனப்படுவது பொம்மை அன்று. பொம்மைக்குச் சாயல் போதும். மாதிரிக்கு விகிதம் வேண்டும். 1/24 என்று ஓர் அளவை எடுத்துக்கொண்டால், சக்கரம் முதல் திருகாணி வரை எல்லாம் மூலப்பொருளின் இருபத்துநான்கில் ஒரு பங்காக இருந்தாக வேண்டும். அவ்வகை மாதிரிகளுள் மிகக் கடினமானது எது? உள்ளதை உள்ளவாறே செய்வது கூட அன்று; ஒரு வண்டியை வெட்டி, தாழ்த்தி, திருத்தி, முற்றிலும் புதுவடிவாக்கி, அந்தப் புதுவடிவையும் விகிதம் பிறழாமல் செய்வதுதான். அமெரிக்கர் 'ஹாட் ராட்' என்று வழங்கும் வண்டியின் மாதிரி அத்தகையது. அதனைச் செய்யும் முறையையும், நம் மாணவர்க்கு அதனால் விளையும் பயனையும் ஈண்டுக் காண்போம்.

ஹாட் ராட் என்பது என்ன?

1932இல் ஃபோர்டு நிறுவனம் எட்டுச் சிலிண்டர்கள் கொண்ட வி-8 இயந்திரத்தை மலிவான காரில் வைத்து விற்றது. அதன் ஆற்றல் 65 குதிரைத்திறன். செல்வர் வீட்டுக் கார்களில் மட்டுமே காணக்கிடைத்த எட்டுச் சிலிண்டர் வி-வடிவ இயந்திரம் எளியவர் கைக்கும் எட்டியது. சில ஆண்டுகளில் அவ்வண்டிகள் பழைய வண்டிகளாகிக் குறைந்த விலைக்கு வந்தன. தென் கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றினார்கள், பம்பரைக் கழற்றினார்கள், வேகத்துக்கு உதவாத சுமை எதுவாயினும் களைந்தார்கள். நீர் வற்றிய ஏரிகளின் சமதரையில் ஓட்டிப் போட்டியிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இப்பழக்கம் நாடெங்கும் பரவிற்று. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தோன்றியது. தெருவில் நடந்த பந்தயங்களைத் தனித்திடலுக்குக் கொண்டுசென்று ஒழுங்குக்குள் அடக்க 1951இல் தேசிய ஹாட் ராட் சங்கம் அமைந்தது.

இவ்வண்டியில் செய்யும் மாற்றங்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, கூரையைத் தாங்கும் தூண்களில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டுக் கூரையை இறக்கி ஒட்டுவது. இதற்குச் 'சாப்பிங்' என்று பெயர். மற்றொன்று, வண்டியின் தளத்தை வெட்டி, மேற்கூடு முழுவதையும் அடிச்சட்டத்தின் மீது கீழே இறங்கி அமரச் செய்வது, இது 'சானலிங்'. இரண்டாலும் வண்டி தரையோடு தரையாகப் பதுங்கிய புலி போலத் தோன்றும்.

வண்டிகளைத் தொடர்ந்து மாதிரிகள் வந்தன. ஏ.எம்.டி. என்னும் அமெரிக்க நிறுவனம் 1958 முதல், ஒரே பெட்டியில் உள்ள உறுப்புகளைக் கொண்டு மூன்று விதமாகக் கட்டத்தக்க 1/25 அளவுத் தொகுப்புகளை விற்றது. அதற்கும் முன்பே, 1930 முதல் 1968 வரை, ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ஃபிஷர் பாடி பிரிவு சிறுவர்களுக்கு ஒரு மாதிரிப் போட்டியை நடத்தி வந்தது. முதலில் நெப்போலியன் காலத்து அரச வண்டியைச் செய்யச் சொன்னார்கள். பின்னர்த் தாமே வடிவமைத்த கார்களின் மாதிரிகளைக் கேட்டார்கள். வென்றவர்களுக்குப் பரிசாகக் கிடைத்தது பல்கலைக்கழகக் கல்விக்கான உதவித்தொகை. அவர்களிற் பலர் பிற்காலத்தில் கார் வடிவமைப்பாளர்களாக ஆயினர். மாதிரி செய்யும் கையில் ஒரு பொறியாளன் ஒளிந்திருக்கிறான் என்பதை அந்நாட்டார் கண்டுகொண்டார்கள்.

நம் ஊரில்

'இஃது அமெரிக்கர் பித்து. அனந்தபுரியில் இதற்கு என்ன வேலை?' என்று கேட்கலாம். ஓர் அடிச்சட்டத்தை வாங்கி அதன்மேல் தமக்கேற்ற வடிவைப் படைப்பது இவ்வூருக்குப் புதிதன்று. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் மன்னர் சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். அதற்கென இங்கிலாந்திலிருந்து வந்தவை 'காமர்' நிறுவனத்தின் அடிச்சட்டங்களே. லண்டன் போக்குவரத்தில் பணியாற்றிவிட்டு இங்கு வந்த சால்ட்டர் என்பாரின் மேற்பார்வையில், நம் தொழிலாளர் கைகளே அவற்றுக்குப் பாடி கட்டின. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937இல், பஸ் 1938இல், பொறியியற் கல்லூரி 1939இல் என மூன்றும் அடுத்தடுத்து வந்ததை எண்ணிப் பார்த்தால், படிப்பும் பட்டறையும் இந்நகரில் ஒருங்கே பிறந்தவை என்பது விளங்கும்.

அந்தப் பட்டறை மரபு இன்று வீட்டு மேசைக்கும் வந்திருக்கிறது. மக்கள் 'ஆனவண்டி' என்று செல்லமாக அழைக்கும் அரசு பஸ்களைச் சிறிய அளவில் செய்து மகிழும் இளைஞர்கள் கேரளமெங்கும் உள்ளனர். விளம்பரப் பலகை எழுதும் கடைகளில் கிடைக்கும் ஃபோம் ஷீட், கத்தி, பசை, பெயிண்ட் ஆகியவையே அவர்களுடைய மூலதனம். சன்னல் கம்பியும் இருக்கை வரிசையும் விளக்கும் வழிப்பலகையும் அவற்றில் அப்படியே அமைந்திருக்கக் காணலாம். பஸ் செய்யக் கற்ற கை ஹாட் ராடும் செய்யும்.

இங்கு ஒரு முக்கியமான செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். பெரிய வண்டியில் இந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள நம் நாட்டில் வழியில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எரிபொருள் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு போன்ற சிலவற்றுக்கே விதிப்படி இடமுண்டு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, தடுக்கப்பட்ட மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் கொடிதென்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள், 2022 அக்டோபர் 5ஆம் நாள் இரவு பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் நடந்ததை எண்ணுதல் வேண்டும். பள்ளி மாணவர்களை ஏற்றிக்கொண்டு விரைந்த சுற்றுலா பஸ் ஒன்று அரசு பஸ்ஸின் பின்னே மோதி ஒன்பது உயிர்கள் போயின. பொதுச்சாலை பந்தயத்திடல் அன்று. வேகத்தின் அழகை விரும்புவோன் அதனைப் படைத்துப் பார்க்க ஏற்ற இடம் மேசையே. அங்கே கூரையை எவ்வளவு தாழ்த்தினும் எவர் தலையும் இடிபடாது.

கணக்கே முதற் கருவி

கத்தியைத் தொடுமுன் பென்சிலைத் தொடுக. 1932 ஃபோர்டின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 106 அங்குலம், அதாவது 2692 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 112 மில்லிமீட்டர். 700 மில்லிமீட்டர் உயரமுள்ள டயர் 29 மில்லிமீட்டராகும். கூரையில் 4 அங்குலம் குறைக்க விரும்பினால் மாதிரியில் 4.2 மில்லிமீட்டர் வெட்டுக. 173 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதன் 72 மில்லிமீட்டர் ஆவான். அட்டையில் அவ்வளவில் ஓர் உருவம் வெட்டி வைத்துக்கொண்டால், இருக்கை சரியா, கதவு சரியா என்பதை அவன் சொல்லிவிடுவான்.

நீளம் 24இல் ஒரு பங்கானால் மேற்பரப்பு 576இல் ஒரு பங்கு. கனஅளவு 13,824இல் ஒரு பங்கு. ஆயிரம் கிலோ வண்டியொன்றை அதே பொருள்களால் இவ்வளவிற் செய்ய முடிந்தால் அதன் எடை 72 கிராம் மட்டுமே. சிறிய வண்டி ஏன் கனமற்றுத் தோன்றுகிறது என்பதற்கு இதுவே விடை. அடியில் சிறு ஈயத்துண்டு வைத்தால் மாதிரி மேசையில் நன்கு பதிந்து நிற்கும்.

கனத்தில் ஒரு பொறி உண்டு. 1 மில்லிமீட்டர் ஷீட் 1/24 அளவில் 24 மில்லிமீட்டர் பலகைக்குச் சமம். காரின் தகடோ உண்மையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். ஆகவே சன்னல் ஓரம், கதவு ஓரம் என விளிம்பு கண்ணில் படும் இடங்களை உட்புறமாக அரத்தால் தேய்த்து மெலியச் செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு விளிம்புதான் கனத்தைச் சொல்லும்.

வெட்டலும் ஒட்டலும்

கூரைத் தாழ்ப்பு எளிதெனத் தோன்றும். தூண்கள் செங்குத்தாக இருந்தால் எளிதே. 1932 வண்டியின் தூண்கள் பெரும்பாலும் நிமிர்ந்தவை. அவ்வண்டியை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். தூண் சாய்ந்திருந்தாலோ, வெட்டியபின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சந்திப்பதில்லை. 30 பாகை சாய்ந்த தூணில் 4.2 மில்லிமீட்டர் உயரம் குறைத்தால் 2.4 மில்லிமீட்டர் விலகல் ஏற்படும். அப்போது கூரையைக் குறுக்கே அறுத்து, இடையில் ஒரு பட்டை வைத்து நீட்ட வேண்டும். பள்ளியிற் படித்த முக்கோணவியல் இங்கே கைகொடுக்கிறது.

ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும் என்பதே இவ்வேலையின் அடிப்படை விதி. மேற்கூட்டைத் தாழ்த்தினால் இயந்திரம் பானெட்டில் இடிக்கும். இயந்திரத்தை இறக்கினால் அதன் அடிப்பகுதி தரையைத் தொடும். இருக்கையைத் தாழ்த்தாவிடில் அட்டை மனிதனின் தலை கூரையில் முட்டும். எனவே ஒட்டுமுன் எல்லா உறுப்புகளையும் ஒட்டுநாடாவால் சேர்த்துப் பலமுறை பொருத்திப் பார்க்க வேண்டும். முன்னே சிறு டயர், பின்னே பெரிய டயர் வைத்தால் வண்டி முன்புறம் தாழ்ந்து பாயத் தயாராக நிற்கும். அந்த நிலையை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ப மற்றவற்றை அமைப்பதே முறை.

சிறு உறுப்புகளுக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. எழுதித் தீர்ந்த பேனா ரீஃபில் சைலன்சர் குழாயாகும். மாத்திரை அட்டையின் மெல்லிய தகடு கண்ணாடியின் பின்புற வெள்ளியாகும். இயந்திரத்தின் எட்டுப் பிளக்குகளுக்குச் செல்லும் கம்பிகள் உண்மையில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் கனம், மாதிரியில் 0.3 மில்லிமீட்டர். பழைய மின்சார வயரைப் பிரித்தால் அத்தகைய செம்பு இழை கிடைக்கும்.

பட்டியும் பெயிண்டும்

இணைப்பு இடங்களில் பட்டி தடவி, உலர்ந்தபின் 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600 என மென்மையான தாளுக்குச் செல்க. பிரைமர் பூசியதும் அதுவரை மறைந்திருந்த கீறல்கள் எல்லாம் வெளிப்படும். மீண்டும் பட்டி, மீண்டும் தேய்ப்பு. டிங்கர் கடையில் பெரிய வண்டிக்குச் செய்வதும் இதுவே. தின்னர் கலந்த பெயிண்ட் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும். வெட்டியெறிந்த துண்டில் முதலில் சோதித்துப் பார்த்தல் நன்று. சன்னல்களைத் திறந்துவைத்தே பூசுதல் வேண்டும்.

நம் ஊரின் காற்றுக்கும் இதில் பங்குண்டு. இடவப்பாதி மழையின் ஈரத்தில் லாக்கர் பூசினால் மேலே வெண்மூட்டம் படியும். பெயிண்ட் வேலையை மகரம், கும்பம் மாதங்களின் வறண்ட காலைகளுக்கு ஒதுக்கி வைத்து, மழைக்காலத்தில் வரைதலையும் வெட்டுதலையும் முடித்துக்கொள்வது அறிவுடைமை. சூப்பர் க்ளூவோ காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. ஆகவே மழைநாளில் விரைந்து பிடிக்கும். அதன் ஆவி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை மங்கச் செய்யும். சன்னலுக்கு வெள்ளைப் பசையே ஏற்றது.

பயன் என்ன?

பரீட்சைத் தாளில் விகிதம் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். அந்த விகிதம் 2 மில்லிமீட்டர் இடைவெளியாகக் கண்முன் நிற்கும்போதுதான் அது நமக்குச் சொந்தமாகிறது. பொறியியல் மாணவர்க்கு மட்டும் உரியதன்று இது. தமிழ் படிப்போரும் வரலாறு படிப்போரும் கைகளை உடையவர்களே. 1938இன் முதற் பஸ்ஸை ஒருவர் மாதிரியாக்கினால், அதற்காக அவர் தேடிப் படிப்பதே ஒரு வரலாற்று ஆராய்ச்சியாகும். ஹாட் ராடை ஒருவர் செய்தால், சாலையில் பிறர் உயிருக்கு இடராகக்கூடிய ஓர் ஆசை அவர் மேசையில் அழகாக வடிவெடுக்கும்.

விடுமுறை வருகிறது. ஓர் அளவுகோல், ஒரு கத்தி, ஒரு ஷீட் போதும். கூடவே பொறுமையும் சிறிது வேண்டும். நம் பேரவையின் அடுத்த ஆண்டு விழாவில் கவிதையும் சொற்போரும் அரங்கேறும்போது, ஒரு மேசையின் மீது நம் மாணவர் கைகள் சமைத்த ஊர்திகளும் வரிசையாக நிற்கட்டும்.