ஒரு சைடருக்கு எத்தனை கதிர்?

கோவையில் மில் வேலை பார்த்தவர்களிடம் சங்கப் பேச்சை எடுத்தால், பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் அடுத்து வந்து விழும் சொல் ‘வேலைப்பளு’. ஸ்பின்னிங்கில் நூற்கும் மெஷினின் ஒரு பக்கம்தான் ‘சைடு’. அதைப் பார்த்துக்கொள்பவர் சைடர். கதிர்களை ஒட்டி நடந்துகொண்டே, அறுந்த இழைகளை இணைப்பது அவர் வேலை. இன்னொரு சைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும் நிர்வாகம். முடியாது என்று நிற்கும் சங்கம். உற்பத்திக்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்றுதான் வெளியாருக்குத் தோன்றும்.

அந்த மறுப்புக்குள் ஒரு தகவல் இருப்பது பலருக்கும் தெரிவதில்லை. பஞ்சு மட்டமாக வந்தாலோ, ஷெட்டில் ஈரப்பதம் குறைந்தாலோ இழை அடிக்கடி அறும். ஒன்றை ஒட்டுவதற்குள் இரண்டு அறுந்தால், எத்தனை சைடு கொடுத்தும் நூல் கூடாது. கழிவுப் பஞ்சுதான் கூடும். இது ஆபீசில் இருப்பவருக்கு முன்பே சைடருக்குத் தெரிந்துவிடுகிறது. தனியாளாகப் போய்ச் சொன்னால் வேலைக்குச் சோம்பிச் சொல்லும் சாக்கு என்பார்கள். சங்கம் சொன்னால் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

1956-ல் கோவையில் தொடங்கிய ‘சிட்ரா’ என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் இந்தச் சண்டைக்கு ஓர் அளவுகோல் கொடுத்தது. 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி நேரம், எத்தனை இழை அறுப்பு என்று கணக்கெடுத்து மில்களை ஒப்பிட்டது. குரலை உயர்த்திப் பேசிய விஷயத்தை எண்ணிப் பேச வழி பிறந்தது.

திருப்பூர் கதை வேறு. 1984-ல் பஞ்சப்படி கேட்டு பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு ஏற்றுமதி பெருகியது. வேலையோ ஜாப் ஒர்க், காண்ட்ராக்ட், பீஸ் ரேட் என்று சிதறியது. அதே 1984-ல்தான் அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ரிச்சர்ட் ஃப்ரீமேனும் ஜேம்ஸ் மெடாஃபும் தொழிற்சங்கங்களைப் பற்றிய தங்கள் நூலை வெளியிட்டார்கள். சங்கத்தின் வழியாகக் குறையைச் சொல்ல முடிந்தால் ஆட்கள் வேலையை விட்டுப் போவது குறைகிறது, அது உற்பத்திக்கு லாபம் என்பது அவர்கள் வாதம்.

திருப்பூரில் ஒப்பந்தம் இல்லாமல் இல்லை. 2021-ல் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து 32 சதவீதக் கூலி உயர்வுக்குக் கையெழுத்தானது. பேச்சு பெரும்பாலும் சதவீதத்தோடு நின்றுவிடுவதுதான் குறை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ஓவர்லாக் டெய்லர் ஒருவர் திங்கட்கிழமை வராவிட்டால், பவர் டேபிள் என்னும் தையல் வரிசையில் அவர் இடத்தில் பீஸ் குவியும். அடுத்து உட்கார்ந்திருப்பவர் கை சும்மா இருக்கும். இதற்கு எந்தச் சதவீதத்திலும் பதில் இல்லை.

திருப்பூர்க் கம்பெனியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் 2022-ல் தன் திண்டுக்கல் ஆலைகளுக்காகப் போட்ட ஒப்பந்தம், சதவீதம் பதில் சொல்லாத இந்த இடத்தைத் தொட்டது. அங்கு வேலை பார்த்த இளம்பெண் ஒருவர் 2021-ல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடிப் பெற்றது அது. பாலியல் தொல்லையைத் தடுக்க, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். முதல் ஆண்டில் எல்லா வகையிலுமாக எழுந்த 185 புகார்களில் 182 தீர்ந்தன. சூப்பர்வைசருக்குப் பயந்து லீவு போடும் பெண்ணை வைத்து எந்த லைனும் டார்கெட்டை எட்டாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை திருப்பூரில் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, கூலிப் பட்டியலோடு திங்கட்கிழமை ஆப்சென்ட் கணக்கையும் டேமேஜ் கணக்கையும் இரு தரப்பும் மேஜையில் வைக்கட்டும்.